கதிரைக் கால் கீறல்: கம்பளி ஒட்டிய கதிரைதான் கூடக் கீறுகிறது, ஏன்?

உப்புவெளிக்காரி | பெப்ரவரி 3

வணக்கம். தை மாதம்தான் திருகோணமலைக் கடற்கரையோரம், உப்புவெளியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். முன் ஹோல் முழுக்க மினுங்குகிற வெளிர் மஞ்சள் டைல்ஸ். பின்பக்க அறையும் குசினியும் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை. சாவியைத் தரும்போதே வீட்டுக்காரர் ஹோலைச் சுற்றி நடந்து மூலைமூலையாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். எங்கள் அட்வான்ஸ் காசு அந்தப் படங்களுக்குள்தான் இருக்கிறது.

அம்மா தந்த முதிரைச் சாப்பாட்டு மேசையும் ஆறு கதிரைகளும் ஹோலில். அவை தவிர இரண்டு இரும்புக் குழாய்க் கதிரை, ஒரு செற்றி, பின்னறையில் இரும்பு அலுமாரி. வந்த முதல் கிழமையே கடைக்குப் போய், பின்பக்கம் பசை தடவிய கம்பளி வட்டங்கள் ஒரு பைக்கற் வாங்கி நாலு கதிரைக்கு ஒட்டினேன். இரண்டு கதிரைக்குப் போதவில்லை, விட்டுவிட்டேன்.

இப்போது பிரச்சினை இரண்டு. ஒன்று, தரை துடைத்த ஈரத்தில் பாதி வட்டங்கள் வழுகிப் பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. பசை தரையில் கறுப்பாகப் பிடித்துவிட்டது. மற்றது எனக்குப் புரியவே இல்லை: கம்பளி ஒட்டிய கதிரைகளுக்குக் கீழேதான் வில் வளைவாக மெல்லிய கீறல்கள் கூட. ஒட்டாத இரண்டுக்கும் கீழே அவ்வளவு இல்லை. கடையில் திரும்ப வாங்க மனமில்லை. வீட்டில் கிடைப்பதை வைத்து ஏதாவது செய்யலாமா?


நிலாவெளிப் பெடியன் | பெப்ரவரி 3

அக்கா, இது அஞ்சு நிமிட வேலை. பழைய ஜீன்ஸை வட்டமாக வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து, சுப்பர் குளூ விட்டு அமத்திப் பிடியுங்கள். எங்கள் அறையில் எல்லாக் கதிரைக்கும் அதுதான். ஜீன்ஸ் இலேசில் தேயாது.


விஞ்ஞான வாத்தி | பெப்ரவரி 3

தம்பி, அந்தப் பசையைப் பருத்தித் துணியில் ஊற்றச் சொல்லி யாருக்கும் சொல்ல வேண்டாம். சுப்பர் குளூ என்பது சயனோஅக்ரிலேட். பருத்தி இழைகளுக்குள் பரவினால் ஒரேயடியாக இறுகும், இறுகும்போது சூடு கிளம்பும். துணியில் புகை வரும், விரலால் அமத்திப் பிடித்திருந்தால் தோல் வெந்துவிடும். ஜீன்ஸ் பருத்திதான். உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் கொஞ்சமாக விட்டிருப்பீர்கள்.

இன்னொன்று, அந்தப் பசை நேராக இழுத்தால் நிற்கும், பக்கவாட்டில் அடி வாங்கினால் உடையும். கதிரைக் கால் வாங்குவதெல்லாம் பக்கவாட்டு அடி.

தங்கச்சி, ஒரு கதிரையைக் கவிழ்த்து அந்தக் கம்பளியைப் பெருவிரலால் தடவிப் பார்த்து எழுதுங்கள்.


நிலாவெளிப் பெடியன் | பெப்ரவரி 3

சேர், உண்மைதான், ஒருமுறை கை சுட்டது. பசைதான் பழுது என்று நினைத்தேன்.


உப்புவெளிக்காரி | பெப்ரவரி 4

கவிழ்த்துப் பார்த்தேன். கம்பளி முழுக்க மணல். தோசைமாவில் எள்ளுத் தூவியதுபோல உள்ளே போய் இருக்கிறது. தட்டினால் விழவில்லை, ஊசியால் கிண்டினால்தான் வருகிறது. விரலுக்கு சாண்ட் பேப்பர் மாதிரியே இருந்தது.


விஞ்ஞான வாத்தி | பெப்ரவரி 4

அதுதான். உங்கள் தரையைக் கீறியது கதிரை இல்லை, கடற்கரை.

டைல்ஸுக்கு மேலே மினுங்குவது ஒரு கண்ணாடிப் பூச்சு. 1812 இல் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் கண்ணாடி ஏறக்குறைய 5.5. சாதாரண இரும்பு அதற்கும் கீழே, 4 அளவில். மாபிள் 3. மரம் இந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் நமது கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அது 7. புல்மோட்டைப் பக்கம் கனிய மணல் எடுக்கிறார்களே, அதில் இருக்கும் சிர்க்கன் 7.5. கடினமானது மென்மையானதைக் கீறும், அவ்வளவுதான் விதி.

வெறும் மரக்காலுக்குக் கீழே மணல் வந்தாலும் பாதி உருண்டு வெளியே போகும். கம்பளிக்குள் வந்தது வெளியேறாது. அது மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறை நீங்கள் கதிரையை இழுக்கும்போதும் தேய்க்கிறது. ஒட்டிய நாலும் ஒட்டாத இரண்டும் வித்தியாசமாகக் கீறியதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கீறல் எல்லாம் கீறலா என்றும் பாருங்கள். நகத்தை குறுக்கே ஓட்டினால் இடறுகிறதா? இடறினால் கீறல், ஒன்றும் செய்ய முடியாது. இடறாமல் சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்தால், அது இரும்புக் கதிரையின் உலோகம் டைல்ஸில் தேய்ந்து ஒட்டியது. பென்சிலால் கோடு போட்ட மாதிரி. பற்பசையை ஈரத்துணியில் எடுத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.


உவர்மலை மாமா | பெப்ரவரி 4

தேசிக்காய்ப் பாதியை உப்பில் தொட்டுத் தேயுங்கள் பிள்ளை. எந்தக் கறையும் நிற்காது. எங்கள் வீட்டில் எல்லாத் தரைக்கும் அதுதான்.


விஞ்ஞான வாத்தி | பெப்ரவரி 4

மாமா, டைல்ஸுக்குப் பரவாயில்லை. பின்னறைச் சிவப்புச் சீமெந்துக்குத் தேசிக்காய், வினாகிரி, புளி எதுவும் வேண்டாம். புளிப்பு சீமெந்தையும் மாபிளையும் அரிக்கும். தேய்த்த இடம் வெளிறி மினுக்கமில்லாமல் நிற்கும். 


மதுரைக்காரன் | பெப்ரவரி 5

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கதிரை என்றால் நாற்காலிதானே? நான் முதலில் கதிர் அறுக்கும் ஏதோ கருவி என்று நினைத்து, அதை ஏன் வரவேற்பறையில் இழுக்கிறீர்கள் என்று குழம்பிவிட்டேன். முதிரை என்பது என்ன மரம்?


உவர்மலை மாமா | பெப்ரவரி 5

நாற்காலிதான் தம்பி. கதிரை, மேசை, அலுமாரி, குசினி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். நீங்களும் ஜன்னலையும் சாவியையும் அவர்களிடமிருந்துதான் வாங்கியிருக்கிறீர்கள், அதனால் சிரிக்க வேண்டாம். எங்கள் ஊர்க் கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டினார்கள். கோயில் போய்க் கதிரை வந்தது. முதிரை நல்ல வைரமான மஞ்சள் மரம். எங்கள் வன்னிக் காட்டிலும் கிழக்குக் காட்டிலும் நிற்பது.


கிண்ணியாத் தச்சன் | பெப்ரவரி 6

நேற்றிரவு முழுதும் வாசித்தேன். வாத்தியார் சொன்ன மணல் விசயம் நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் கதிரை செய்து கொடுக்கிறோம், ஆறு மாதத்தில் ‘உங்கள் கதிரை தரையைக் கீறுகிறது’ என்று வருவார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் கால் துடைக்க ஒரு சாக்குக்கூட இருக்காது.

தங்கச்சி, உங்கள் கதிரை முதிரை என்பதால் சில விசயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலின் அடியைப் பாருங்கள். அம்மாவின் காலத்துக் கதிரை என்றால் யாராவது மெழுகோ பொலிஷோ அடித்திருப்பார்கள். அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. உங்கள் கம்பளி வட்டம் விழுந்ததற்கு ஈரம் பாதி, இது பாதி. அடியை சாண்ட் பேப்பரால் நன்றாகத் தேய்த்து வெறும் மரம் தெரியும்வரை எடுங்கள். அப்புறம் காய்ந்த துணியால் துடையுங்கள், ஈரத்துணி வேண்டாம்.

வெட்டும் துண்டு காலின் அளவைவிடச் சுற்றிவர இரண்டு மில்லிமீற்றர் உள்ளே நிற்க வேண்டும். சரிக்குச் சரியாக வெட்டினால் இழுக்கும்போது விளிம்பு எதிலாவது தட்டி அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். மூலைகளையும் உருட்டிவிடுங்கள். காலின் அடி விளிம்பையும் ஒரு சுற்று மழுக்கிவிடுங்கள். ஆட்கள் பின்பக்கம் சாய்ந்து இரண்டு காலில் ஆடும்போது தரையில் படுவது அந்த விளிம்புதான். துண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த நேரத்தில் அது ஆகாயத்தில்.

பசை என்றால் செருப்புத் தைப்பவர் வைத்திருப்பாரே, மஞ்சளாக, கடும் மணத்தோடு, அதுதான். கொஞ்சம் கேட்டால் தருவார். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விட வேண்டும். விரல் வைத்தால் ஒட்டாமல் காய்ந்த மாதிரி இருக்கும், அப்போது வைத்து ஒரே அமத்து. ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் எல்லாரும் விடும் பிழை. வெளியே காற்றில் வைத்துச் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். ஒரு நாள் கதிரை கவிழ்ந்தே கிடக்கட்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் முதிரைக்குப் பசையைவிட ஸ்குறூ ஆணி நல்லது. இரும்பு வேண்டாம். நமது உப்புக் காற்றுக்கு ஒரு மாரி தாங்காது, துரு வடிந்து தரையில் மஞ்சள் வட்டம் விழும். பித்தளை எடுங்கள். முதிரையில் துளை போடாமல் முறுக்கினால் ஒன்று கால் வெடிக்கும், அல்லது பித்தளை ஆணி பாதியில் முறிந்து உள்ளேயே நிற்கும், பிறகு எடுக்க முடியாது. முதலில் மெல்லிய துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்குறூ ஒன்றை உள்ளே முறுக்கிக் கழற்றிவிடுங்கள். வழி வந்துவிடும். பிறகு பித்தளை ஆணியை உடுப்புக் கழுவும் சவர்க்காரத்தில் ஒரு உரசு உரசி முறுக்கினால் வெண்ணெயில் போவதுபோலப் போகும். ஆணித் தலை துண்டுக்குள் நன்றாக அமுங்கி நிற்க வேண்டும், துண்டு தேயத் தேயத் தலை வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்தால் பித்தளை தரையில் தேய்ந்து கோடு விழும்.

ஸ்குறூவின் லாபம் என்னவென்றால், துண்டில் மணல் ஏறினால் கழற்றிப் புதுத்துண்டு போடலாம். பசை என்றால் சுரண்ட வேண்டும். மணல் ஊரில் எந்தத் துண்டும் நிரந்தரம் இல்லை.


நிலாவெளிப் பெடியன் | பெப்ரவரி 6

கிண்ணியா நானா, துண்டுக்கு சைக்கிள் டியூப் சரியா? எங்கள் வீட்டில் பழைய டியூப் நிறையக் கிடக்கிறது. மணலும் ஏறாது.


கிண்ணியாத் தச்சன் | பெப்ரவரி 6

அசையாத சாமானுக்குச் சரி. கட்டில், அலுமாரி, பிரிஜ். கதிரைக்கு வேண்டாம், அது தரையைப் பிடிக்கும். பிடித்தால் பிள்ளைகள் இழுக்கும்போது காலின் பொருத்து ஆடிப்போகும். கதிரை திருத்த என்னிடம் வருவதில் பாதி அப்படி ஆடியவை.


கடற்கரை வீதி அன்ரி | பெப்ரவரி 7

டியூப் போடுவதற்கு முன் என் கதையையும் கேளுங்கள். மகளின் அறையில் சீமெந்துக்கு மேல் வினைல் விரித்திருந்தோம், வெளிர் சாம்பல் நிறம். கட்டில் காலுக்கு மோட்டார் சைக்கிள் டியூப்பை இரண்டு மடிப்பாக வைத்தேன். ஒரு வருடம் கழித்துக் கட்டிலை நகர்த்தினால் நாலு இடத்தில் மண்ணிற வட்டம். சவர்க்காரம், மண்ணெண்ணெய், ப்ளீச் எதற்கும் அசையவில்லை. இப்போது கட்டில் அந்த நாலு வட்டத்தின் மேலேயே நிற்கிறது, இனி அந்த அறையில் கட்டிலுக்கு வேறு இடமே கிடையாது.


விஞ்ஞான வாத்தி | பெப்ரவரி 7

அன்ரி, அது அழுக்கு இல்லை. அதனால்தான் கழுவினால் போகவில்லை. டயர், டியூப்பில் வெடிப்பு விழாமல் இருக்க றப்பரில் சில இரசாயனம் கலப்பார்கள். அது மெதுவாகக் கசிந்து வினைலுக்குள் போய் நிறம் மாறுகிறது. வார்னிஷ் அடித்த மரத்தரையிலும் இது நடக்கும். டைல்ஸில் உள்ளே இறங்காது, மேலே கறுப்பாகத் தேய்ந்தால் துடைக்கலாம். வினைல் உள்ளவர்கள் டியூப் வைப்பதென்றால் இடையில் மெல்லிய பலகைத் துண்டு ஒன்று வைத்துவிடுங்கள்.


திருக்கடலூரான் | பெப்ரவரி 8

எங்கள் பக்கம் யாரும் கடையில் வாங்குவதில்லை. வலைக்குக் கட்டுகிற மிதப்பு இருக்கிறதே, நடுவில் ஓட்டையோடு வட்டமாக, அது உடைந்தால் எறியாமல் எடுத்து வைப்போம். கத்தியால் பணியாரம் மாதிரித் துண்டு போட்டால் கதிரைக் காலுக்கு ரெடி. தண்ணீரில் ஊறாது, ஓட்டைக்குள் ஆணித் தலை ஒளிந்துகொள்ளும். மடிக் காசு செலவில்லை. வேண்டுமென்றால் கரைக்கு வாருங்கள், ஒரு பை தருகிறேன்.


உப்புவெளிக்காரி | பெப்ரவரி 8

அண்ணை, சனிக்கிழமை வருகிறேன்.


உவர்மலை மாமா | பெப்ரவரி 8

எங்கள் ஆச்சி சாப்பாட்டு அலுமாரியின் நாலு காலையும் நாலு சிரட்டைக்குள் நிற்கவைத்துத் தண்ணீர் ஊற்றி வைப்பா. எறும்பு ஏறாமல் இருக்கத்தான், தரைக்காக இல்லை. ஆனால் அந்தச் சிவப்புத் தரை எண்பது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. காரணம் சிரட்டையா என்று இப்போது யோசிக்கிறேன். அல்லது அந்த அலுமாரியை யாருமே நகர்த்தியதில்லை என்பதா தெரியாது. தேங்காய் மட்டையைக் குறுக்கே வெட்டி, அதைக் காலுக்குக் கீழே மிதித்துக்கொண்டு ஆடுவதுபோலத் தேய்த்துத்தான் நாங்கள் தரையை மினுக்கினோம். சனிக்கிழமை என்றால் பிள்ளைகளுக்கு அதுதான் வேலை. அதற்கு முன் தும்புத்தடியால் மூன்று தரம் கூட்ட வேண்டும். மட்டைக்குக் கீழே ஒரு மணல் கிடந்தாலும் ஆச்சிக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.


தம்பலகாமத்தான் | பெப்ரவரி 9

இவ்வளவு பேர் எழுதியும் ஒருவரும் மில் பெல்ட்டைச் சொல்லவில்லையே. நெல் ஆலையில் சில்லைச் சுற்றி ஓடும் தட்டைப் பெல்ட், உள்பக்கம் கன்வஸ் அடுக்கு, மேல்பக்கம் றப்பர். அறுந்தால் ஆலைக்காரர் மூலையில் சுருட்டிப் போட்டுவிடுவார். எங்கள் வீட்டில் பதினைந்து வருடமாக அதுதான் கதிரைக்கு. கத்தியால் வெட்டக் கஷ்டம், இரும்பு வெட்டும் வாளால் அறுக்க வேண்டும்.

றப்பர் பக்கம் மரத்தோடு, கன்வஸ் பக்கம் தரையோடு. மாறிப் போட்டால் நானா சொன்னமாதிரித் தரையைப் பிடிக்கும். கன்வஸ் நெருக்கமாக நெய்தது, கம்பளி மாதிரி மணலை விழுங்காது, மேலேதான் ஒட்டும். பழைய பல்துலக்கும் பிரஷால் ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். ஒரு முழம் அளவு இருக்கிறது, பஸ்ஸில் கொடுத்துவிடவா?


கிண்ணியாத் தச்சன் | பெப்ரவரி 9

இதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். வாப்பா செய்த கதிரைகளுக்கு பெல்ட்தான். இப்போது கிடைப்பதில்லை என்று மறந்தே போனேன். தம்பி, எனக்கும் ஒரு துண்டு.


உப்புவெளிக்காரி | பெப்ரவரி 10

கொடுத்துவிடுங்கள் அண்ணை, பெரிய உதவி. இரும்புக் குழாய்க் கதிரை இரண்டுக்கும் என்ன செய்வது? கடையில் றப்பர் மூடி வாங்கிப் போட்டேன், ஒரு மாதத்தில் அடி ஓட்டையாகி வட்டமாக வெட்டுப்பட்டுவிட்டது.


விஞ்ஞான வாத்தி | பெப்ரவரி 10

வெட்டுப்படத்தான் செய்யும். குழாய் 25 மில்லிமீற்றர் விட்டம், தகடு 1.2 மில்லிமீற்றர் தடிப்பு என்று வையுங்கள். தரையில் படுவது ஒரு வளையம் மட்டும், ஏறக்குறைய 90 சதுர மில்லிமீற்றர். நாலு காலுக்கும் சேர்த்து 3.6 சதுர சென்றிமீற்றர்தான். கதிரையும் ஆளும் 75 கிலோ என்றால் ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரிலும் 21 கிலோ உட்காருகிறது. உங்கள் முதிரைக் கதிரையின் கால் நாலுக்கு நாலு சென்றிமீற்றர் இருந்தால் அதே எடைக்கு 1.2 கிலோகூட வராது. றப்பர் மூடிக்குள் குழாய் பிஸ்கட் வெட்டும் அச்சு மாதிரி வேலை செய்கிறது.

மூடிக்குள் முதலில் ஒரு இரும்பு வோசரைப் போட்டுவிட்டு அதன்மேல் குழாயை இறக்குங்கள். எடை வோசர் முழுக்கப் பரவும். மூடி பல மடங்கு காலம் நிற்கும்.


நிலாவெளிப் பெடியன் | பெப்ரவரி 10

வோசருக்குப் பதில் ரூபாய்க் குத்தி போடலாமா சேர்? வோசர் விலையைவிடக் குறைவு.


விஞ்ஞான வாத்தி | பெப்ரவரி 10

குழாயைவிட அகலமாக இருந்தால் வேலை செய்யும். ஆனால் என்னிடம் கேட்டதாக யாருக்கும் சொல்ல வேண்டாம்.


கிண்ணியாத் தச்சன் | பெப்ரவரி 11

றப்பர் மூடியே வேண்டாம் என்றால் குழாய்க் கடையில் குழாய் வாயை மூடுகிற பிவிசி எண்ட் கப் வாங்குங்கள். கதிரையைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து இறுக்கமானதை எடுங்கள், அடி உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். உள்ளே வோசர், வெளியே அடியில் பழைய பாட்டாச் செருப்பை வெட்டி ஒட்டினால் சத்தமும் வராது.


ஐந்தாம் வகுப்பு ரீச்சர் | பெப்ரவரி 12

சத்தம் என்றதும் ஞாபகம் வந்தது. வெளிநாட்டில் வகுப்பறைக் கதிரைகளுக்கு டென்னிஸ் பந்தைக் குறுக்காக வெட்டிச் செருகுவார்கள் என்று கேள்விப்பட்டு நாங்களும் செய்தோம். மக்கெய்சர் மைதானத்தில் மென்பந்து, அதாவது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட், விளையாடும் பிள்ளைகளிடம் தேய்ந்த பந்துகளைச் சேர்த்தோம். நாற்பது பந்து, பத்துக் கதிரை. ஒரு கிழமை வகுப்பு கோயில் மாதிரி அமைதி. இரண்டாம் கிழமை இடைவேளையில் பந்துகள் எல்லாம் திரும்ப மைதானத்துக்கே போய்விட்டன. வெட்டிய பந்தும் நன்றாகத்தான் சுழல்கிறதாம்.


உப்புவெளிக்காரி | ஜூன் 14

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

மிதப்பைச் செற்றிக்கும் பிள்ளையின் சின்ன மேசைக்கும் வைத்தேன். செற்றிக்குக் கீழே ஒரு மாதத்திலேயே அப்பளம்போல நசுங்கிவிட்டது, எடுத்துவிட்டுப் பலகைத் துண்டு வைத்தேன். சின்ன மேசைக்குக் கீழே இன்னும் புதிதாக இருக்கிறது. திருக்கடலூர் அண்ணை, பாரம் இல்லாத சாமானுக்கு அது மிக நல்லது.

மில் பெல்ட்தான் ஆறு கதிரைக்கும். இருபத்து நாலு துண்டு அறுக்க என் கணவருக்கு இரண்டு ஞாயிறு போனது, உள்ளங்கையில் கொப்புளம் வேறு. ஒரு பித்தளை ஆணி முறிந்தது. அந்தக் காலுக்கு மட்டும் நானா சொன்ன இரும்பு ஸ்குறூ முறையைச் செய்யாமல் அவசரப்பட்டார். அதற்குப் பசைதான். நாலு கால் உயரமும் ஒரே மாதிரி வரவில்லை, ஒரு கதிரை ஆடியது. பெல்ட்டின் கன்வஸ் அடுக்கில் ஒன்றை உரித்து எடுத்தபோது சரியாகிவிட்டது.

இரும்புக் கதிரைக்கு எண்ட் கப், வோசர், பாட்டா. ஒரு குறையும் இல்லை.

பின்னறையில் அலுமாரியை நகர்த்த வேண்டி வந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு பக்கம் தூக்கி அடியில் அரிசிச் சாக்கை நுழைத்து இழுத்தோம். இழுப்பதற்கு முன் மாமா சொன்ன ஆச்சிமாதிரி மூன்று தரம் கூட்டினேன். சிவப்புத் தரையில் ஒன்றும் ஆகவில்லை.

வாசலுக்கு வெளியே ஒரு சாக்கு, உள்ளே ஒரு தும்புக் கால்துடைப்பான். கடலுக்குப் போய்வந்தால் பின்பக்கக் குழாயடியில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே. கச்சான் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து இது போதவில்லை, பின்னேரத்தில் ஜன்னல் ஓரம் விரலால் எழுதலாம்போலப் புழுதி. கிழமைக்கு ஒருமுறை கதிரைகளை மேசையில் கவிழ்த்து பிரஷால் தட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் மணல் விழுகிறது. தையில் விழுந்த பழைய கீறல்கள் இருக்கின்றன, புதிதாக ஒன்றும் இல்லை.


கடற்கரை வீதி அன்ரி | ஜூன் 14

வீட்டுக்காரர் பார்த்தாரா?


உப்புவெளிக்காரி | ஜூன் 15

பார்த்தார் அன்ரி. பழைய கீறல்களுக்கு முகத்தைச் சுருக்கினார். பிறகு ஒரு கதிரையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இந்தப் பெல்ட் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். அட்வான்ஸைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.


கிண்ணியாத் தச்சன் | ஜூன் 15

மாரிக்கு முன் ஒருமுறை எல்லா ஆணித் தலையையும் பாருங்கள் தங்கச்சி. பச்சை பிடித்திருந்தால் பரவாயில்லை, மேலே வந்திருந்தால் ஒரு சுற்று உள்ளே.


மதுரைக்காரன் | ஜூன் 16

கடல் இல்லாத ஊரிலிருந்து ஒரு தகவல். எங்கள் தெருவில் வீடு கட்டுகிறார்கள், வாசலில் ஆற்று மணல் குவிந்திருக்கிறது. கம்பளி ஒட்டிய எங்கள் கதிரைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். நாலிலும் மணல். உரித்துவிட்டு ரப்பர் செருப்பை வெட்டிப் போட்டிருக்கிறேன், மனைவியின் செருப்பு என்று பிறகுதான் தெரிந்தது.


தம்பலகாமத்தான் | ஜூன் 17

பெல்ட் கேட்டு இதுவரை பதினொரு பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். முடிந்துவிட்டது. ஆலைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்தது அறுந்தால் கூப்பிடுவார். ஓடுகிற பெல்ட்டை நாங்கள் பார்க்கும் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை.